தம்பிக்குப் பாதுகாவலர் சான்று: தப்பான வக்கீலிடம் போன எட்டு மாதம்

அம்மா தவறியது 2022 நவம்பரில். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அதற்கு முன்பே இல்லை. அண்ணன் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறார். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் தம்பியும்தான். தம்பிக்கு அப்போது 36 வயது. பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. தானே குளிப்பான், சாப்பிடுவான், தெருவில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஆனால் நூறு ரூபாய்த் தாளுக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மா இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே இல்லை, ஏனென்றால் எல்லாக் கையெழுத்தும் அம்மாவே போட்டார். அவர் போன பிறகுதான் சட்டத்தின் கண்ணில் அவனுக்காகக் கையெழுத்துப் போட யாருமே இல்லை என்பது தெரிந்தது. நான் கூடப் பிறந்த அக்கா, அவ்வளவுதான்.

அம்மாவின் ஓய்வூதியம் நின்ற பிறகு, சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கருவூலத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தம்பியின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "லீகல் கார்டியன் சர்டிபிகேட் வேணும்மா, கோர்ட்ல போட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அவர் தெரிந்தே தப்பாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த "கோர்ட்ல" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எட்டு மாதம் அலைந்தேன். வங்கியிலும் இதையே சொன்னார்கள். அம்மாவும் தம்பியும் சேர்ந்து வைத்திருந்த கணக்கில் 1,80,000 ரூபாய் இருந்தது. மேனேஜர் கோர்ட் ஆர்டர் இல்லாமல் தொட முடியாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் கோர்ட் வாசல் ஏறியதில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல், கூட வேலை பார்ப்பவரின் மைத்துனருக்கு நில வழக்கு நடத்திக் கொடுத்த வக்கீலிடம் போனேன். இது 2023 ஜனவரி. ஆள் நல்லபடியாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்லி அழுதபோது, "சிஸ்டர், இதெல்லாம் எங்களுக்கு ரொட்டீன், மூணு மாசத்துல ஆர்டர் வாங்கிடலாம்" என்றார். எனக்கு அன்றைக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: அந்த அரை மணி நேரத்தில் தம்பியின் வயதை அவர் கேட்கவில்லை. சான்றிதழை நீட்டினேன், பக்கத்தில் வைத்தார், பிரித்துப் பார்க்கவில்லை. மொத்தம் 50,000 என்றும், இப்போது பாதி என்றும் சொன்னார். 25,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. வக்காலத்தோடு சேர்த்து எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அதில் இரண்டு வெறும் தாள். தயவுசெய்து யாரும் வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் டைப் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும், டைப் பண்ணிய பிறகு வந்து போடுகிறேன் என்று சொல்லுங்கள். மனு எழுதி முடித்ததும் அதன் ஒரு நகலை வாங்கி, அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட் என்று மேலே போட்டிருப்பதைப் படியுங்கள். அந்த மூன்று வரி புரியவில்லை என்றால் புரியும்வரை கேளுங்கள். நான் படித்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும், ஏனென்றால் மேலே 1890-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின் பேர் இருந்தது.

அப்புறம் வழக்கமான கதை. மார்ச்சில் செலவுக்கு 8,000. ஏப்ரலில் டைப்பிங், ஸ்டாம்ப், நோட்டீஸ் என்று 5,000. போன் பண்ணினால் ஜூனியர் எடுப்பார். "நம்பர் ஆகப் போகுது மேடம்" என்பார், அதாவது கோர்ட் மனுவை ஏற்று எண் கொடுக்கப் போகிறதாம். மே மாதம் கோர்ட் விடுமுறை. ஜூனில் "ஜட்ஜ் மாறிட்டாங்க". ஒவ்வொரு தடவையும் நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு போட்டு, தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போவேன். சில நாள் அவர்களுக்கும் முடியாது, அன்றைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். வக்கீல் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து, "அக்கா, வீட்டுக்குப் போலாமா" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவனைத் திட்டிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான். பட்டன் கழன்று கையில் வந்ததும் அதை என்னிடம் கொடுத்தான். யார் மேலேயோ இருந்த கோபத்தை அவன் மேல் காட்டியது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஜூலையில் நானே கோர்ட்டுக்குப் போனேன். அங்கே போய்க் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மனுதாரர் நான், என் மனு என்ன ஆனது என்று விசாரிக்க எனக்கு உரிமை உண்டு. அந்தப் பிரிவில் இருந்த பெண் ஊழியர் என் பேரைக் கேட்டு ஒரு பெரிய நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, இது ரிட்டர்ன் ஆகி ரெண்டு மாசமாச்சே, உங்க வக்கீல் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. பின்னால் அந்த வழக்குக் காகிதக் கட்டு என் கைக்கு வந்தபோது பார்த்தேன். மனுவின் முதுகில் நீல மையில் இரண்டு வரி. பாதுகாக்கப்பட வேண்டியவர் மேஜர், இந்தச் சட்டத்தின் கீழ் இந்த மனு எப்படி நிலைக்கும் என்று கேட்டிருந்தார்கள். அதாவது 1890-ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம் 18 வயது நிரம்பாத குழந்தைகளுக்கானது. என் தம்பிக்கு 36. என் 38,000 ரூபாயும் ஏழு மாதமும் முதல் நாளிலேயே தப்பான கதவில் கொண்டுபோய்க் கொட்டியாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். மனு நம்பர் ஆகிவிட்டால் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அதை ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் தெரியும். வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். தாக்கல் பண்ணி இரண்டு மாதமாகியும் எண் வரவில்லை, "நம்பர் ஆகப் போகுது" என்று மட்டும் பதில் வருகிறது என்றால், மனு திரும்பி வந்திருக்கிறதா என்று நேராகப் போய் விசாரித்துவிடுங்கள்.

ஆகஸ்டில் இரண்டாவது வக்கீல். இவர் கொஞ்சம் பெரிய ஆள். பேச 2,000 ரூபாய். கதையைக் கேட்டுவிட்டு, ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் (ஐகோர்ட்டில் நேரடியாகப் போடும் மனு) போட வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். கோமாவில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆர்டர் வாங்கினார்களாம். அது பொய்யில்லை. கோமாவில் கிடப்பவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லாததால் உயர் நீதிமன்றங்கள் ரிட் அதிகாரத்தை வைத்து நியமிக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கென்று வழிமுறைகளே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. ஆனால் என் தம்பி கோமாவில் இல்லையே. அவர் சொன்னது வேறு யாருக்கோ சரியான வழி. அன்று ராத்திரி அம்மாவின் நகையை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடகு வைத்தால் எவ்வளவு வரும் என்று. அண்ணனிடம் கேட்டால் வீட்டை விற்றுவிடலாம் என்பார். அதற்குப் பயந்தே அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது கோர்ட் வளாகத்தில் தொங்கிய ஒரு போர்டு. "இலவச சட்ட உதவி மையம்." அந்தப் போர்டைத் தாண்டி நாலு தடவையாவது நடந்திருப்பேன். அது கஞ்சிக்கில்லாதவர்களுக்கு, நமக்கு வீடு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, நாம் எப்படிப் போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று இருக்கிறது. நான் பெண், தம்பி மாற்றுத்திறனாளி. இரண்டு பக்கத்திலும் எங்களுக்கு உரிமை இருந்தது. மாவட்டத் தலைநகரில் மாவட்ட ஆணைக்குழு, மற்ற ஊர் கோர்ட்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு என்று இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணினாலும் விசாரிக்கலாம், அழைப்புக்குக் காசில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "தம்பிக்கு என்ன வயசு? சர்டிபிகேட்ல என்ன எழுதியிருக்கு? அவர் பேர்ல சொத்து என்ன இருக்கு?" சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இதுக்கு கோர்ட்டே வேணாம்மா. வக்கீலும் வேணாம். கலெக்டர் ஆபீசுக்குப் போங்க" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. தண்ணி எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. 1999-இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்கில் ஏதாவது ஒன்று உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலர் நியமிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் சேர்ந்தது அந்தக் குழு. விண்ணப்பத்துக்கு ஏ படிவம், நியமனச் சான்று பி படிவம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த ஆபீசுக்கு அடையாள அட்டை விஷயமாக அம்மா எத்தனையோ தடவை போயிருக்கிறார். யாரும் அவரிடமும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் வளர்ந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் அப்பா அம்மா யாராவது இருந்தால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நாங்கள்தானே பெற்றவர்கள், எங்களுக்கு எதற்குச் சான்று என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு 18 முடிந்த அன்றைக்கே, பெற்றவர்கள் என்பதால் மட்டும் உங்களுக்கு இருந்த சட்ட உரிமையும் முடிந்துவிடுகிறது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் பேரில் சான்று வாங்கி, ஓய்வூதியக் காகிதத்தில் பிள்ளையின் பேரையும் குறைபாட்டையும் சேர்த்து, உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் குடும்பத்தில் பேசி வையுங்கள். எங்கள் அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர், பால் கணக்கைக்கூட நோட்டில் எழுதுவார். இது ஒன்று விட்டுப்போனது.

செப்டம்பரில் விண்ணப்பம் கொடுத்தேன். தம்பியின் மாற்றுத்திறனாளி சான்றிதழ், யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இரண்டு பேர் ஆதார், அம்மா அப்பா இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, எங்கள் இருவரின் போட்டோ, அப்புறம் அண்ணனிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து. அந்தக் கடைசிக் காகிதத்துக்குத்தான் ஒரு மாதம் ஆனது. அண்ணனுக்கு, நான் பாதுகாவலர் ஆகிவிட்டால் வீட்டை எனக்கு எழுதிக்கொள்வேனோ என்ற பயம். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். வக்கீல் அம்மாவிடமே போனில் பேசச் சொன்னேன். பாதுகாவலர் என்பவர் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்து விவரத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும், ஏமாற்றினால் நீக்கவும் முடியும் என்று அவர் சொன்ன பிறகு அண்ணன் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினார். நீங்கள் கூடப் பிறந்தவர்களிடம் கையெழுத்துக் கேட்கும்போது இந்தக் கணக்குக் காட்டும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை வராது.

கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஜனவரியில் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம். தம்பிக்குப் புதுச் சட்டை போட்டு, பவுடர் பூசிக் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் எட்டுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஒரு எழுபது வயது அப்பா நாற்பது வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், கடைசிவரை விடவில்லை. எங்கள் முறை வந்தது. தம்பியிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "இட்லி. மூணு" என்றான். "யார் கூட இருக்கீங்க?" என்றதற்கு என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் சான்று கையில் வந்தது. ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. குழு எப்போது கூடும் என்பதில்தான் தாமதம். இரண்டு மாதத்தில் பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய் மனுக் கொடுங்கள். நான் நவம்பரில் அப்படி ஒரு மனுக் கொடுத்தேன், அந்தச் சீட்டு நம்பரைச் சொன்ன பிறகுதான் எங்கள் விண்ணப்பம் நகர்ந்தது.

வங்கியில் இன்னொரு தடவை முட்டிக்கொண்டேன். பி படிவத்தைப் பார்த்துவிட்டு, இது கோர்ட் ஆர்டர் இல்லையே என்றார்கள். ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே, இந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றை வங்கிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். மறுவாரம் கணக்கு திறந்தது. மே மாதம் கருவூலத்திலிருந்து ஓய்வூதியம், நிலுவையோடு சேர்ந்து வந்தது.

முதல் வக்கீலிடமிருந்து அசல் காகிதங்களை வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். மீதி 12,000 கொடுத்தால்தான் கட்டைத் தருவேன் என்றார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது. இதை ஒரு பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினேன், பார் கவுன்சிலுக்குப் புகார் போகும் என்று கடைசி வரியில் சேர்த்து. நாலாம் நாள் ஜூனியர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பணம் திரும்பவில்லை, ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஃபீஸ் 38,000, இரண்டாவது ஆளுக்கு 2,000, பதினோரு நாள் சம்பளப் பிடித்தம் ஏழாயிரத்துச் சொச்சம், பஸ் ஆட்டோ தனி. இனிமேல் யாருக்குக் கொடுத்தாலும் ஜிபே-தான், எதற்கு என்று அதிலேயே எழுதித்தான் அனுப்புவேன்.

எல்லாருக்கும் வக்கீல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றவர்களை இழந்த சின்னக் குழந்தைக்கு என்றால், அந்தக் குழந்தை வழக்கமாக இருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், அதற்கு வக்கீல் தேவை. மைனர் பேரில் இருக்கும் நிலம் வீட்டை விற்க, பெற்ற அப்பாவே ஆனாலும், 1956-ஆம் வருடத்து இந்து மைனர் சட்டப்படி கோர்ட் அனுமதி வேண்டும். கோமா என்றால் ஐகோர்ட். மனநோய் என்றால் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் இடமில்லை. 2017-இல் வந்த மனநலச் சட்டத்தில் சிகிச்சைக்கு ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொத்தைப் பார்த்துக்கொள்ள அதில் வழியில்லை. அங்கே கண்டிப்பாக விவரம் தெரிந்த வக்கீல் வேண்டும். அப்படித் தேடும்போது நில வழக்கு, செக் வழக்கு நடத்துகிறவரை யாரோ சொன்னார்கள் என்று போகாதீர்கள். சிறப்புப் பள்ளி வாசலில் பிள்ளையை விட வரும் பெற்றோரிடம் கேளுங்கள், அவர்களில் யாராவது இந்த வழியில் நடந்திருப்பார்கள். போனதும் வயதையும் சான்றிதழையும் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் ஃபீஸ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், காபி குடித்திருந்தாலும் பரவாயில்லை.

வீட்டு விஷயம் இன்னும் இருக்கிறது. அதில் தம்பிக்கு மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் ஒருமுறை வாங்க ஆள் கூட்டிவந்தார். வந்தவரின் வக்கீல், பாதுகாவலர் சான்றை மட்டும் வைத்து அந்தப் பங்கை வாங்க முடியாது, கோர்ட் அனுமதி வேண்டும் என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அந்த வழி எப்போதாவது தேவைப்பட்டால் கண்ணாடி போட்ட வக்கீல் அம்மாவிடம்தான் போவேன், நம்பர் வைத்திருக்கிறேன்.

நிதி ஆண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் டி படிவத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும், அதாவது ஜூன் கடைசிக்குள். மருந்துக்கடை பில், துணிக்கடை பில், முடி வெட்டியதற்கு நானே எழுதிய சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நான் மாதா மாதம் அம்மாவின் பால் கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களில் அதை எழுதும்போது தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாக எடுத்துக் கொடுப்பான்.